தண்ணீருக்கு உறை தைத்த ஊர்

இந்தக் கதை நான் பார்த்தது இல்லை, கேட்டது. கொடைக்கானலிலிருந்து கீழே இறங்கும் பஸ்ஸில், மடியில் பூண்டு மூட்டையும் தலையில் கம்பளி முக்காடுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதாம். தன் ஊர் அது இல்லை என்று மூன்று முறை சொன்னார். நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. இதில் இருக்கும் பிழைகளில் பாதி அவருடையது, பாதி பஸ்ஸின் இரைச்சலுடையது. அதற்கு மேலும் இருந்தால் அது என்னுடையது.

மலையின் மேல்மடிப்பில் முக்காட்டுப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே உருளைக்கிழங்கு விளையும், பூண்டு விளையும். அறிவும் விளைந்திருக்கும், யாரும் விதை போடவில்லை.

அந்த ஊரின் முப்பாட்டனார் ஒருவர், இருமிக்கொண்டே இருந்த தன் பேரனைப் பார்த்து, “வெயில் வராமல் வெளியே வராதே” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பேரனிடம் சொன்னதை ஊரே எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து முற்றத்தில் வெயில் விழுந்தால்தான் கதவு திறக்கும். ஒருமுறை ஐப்பசியில் ஒன்பது நாள் மேக மூடாப்பு போட்டது. ஒன்பது நாளும் ஊர் உள்ளேயே கிடந்தது. பத்தாம் நாள் வெளியே வந்து, நேற்று ராத்திரி கொஞ்சம் நீளம்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆகவே முக்காட்டுப்பட்டியில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, உருளைக்கிழங்கைத் தவிர.

மார்கழி பிறந்தால் செடிகள் ஒரே ராத்திரியில் கருகிவிடும். முந்தின சாயங்காலம் பச்சையாக இருந்தது, மறுநாள் வெயிலில் வந்து பார்த்தால் அடுப்பில் வாட்டிய வெற்றிலை மாதிரி கறுத்துக் கிடக்கும். ஊர் கூடி ஆராய்ந்து, கருகியிருப்பதால் யாரோ கொளுத்துகிறார்கள் என்று கண்டுபிடித்தது. முதல் வருஷம் மின்மினிப்பூச்சிகள் மேல் சந்தேகம் விழுந்தது. ஒன்றைப் பிடித்து வைக்கோலில் விட்டுப் பார்த்தார்கள். தீப்பிடிக்கவில்லை. எச்சரித்து அனுப்பினார்கள். அடுத்த இரண்டு வருஷமும் சந்தேகம் நிலா மேல் இருந்தது. நிலாவை நேரில் கூப்பிட்டு விசாரிக்க வழி இல்லாததால் வழக்கு அப்படியே நின்றுபோனது.

இந்த வருஷம் நல்லவேளையாக ஒரு மாப்பிள்ளை கிடைத்தான்.

அவன் பெயர் வெயிலுமுத்து. ஊர் சிவகாசி. நாகம்மாவின் மகள் வேலம்மாளைக் கட்டிக்கொண்டு வைகாசியில் வீட்டோடு மாப்பிள்ளையாக மலையேறியவன். கல்யாணமான புதிதில் வேலம்மாளை அவன் சிவகாசிக்குத்தான் கூட்டிப்போனான். முதல் நாள் அவள் மயங்கி விழுந்தாள். இரண்டாம் நாள் எழுந்து, வாசலுக்கு வந்து, வெயிலைப் பார்த்து, மறுபடியும் விழுந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னால் இருப்பேன், அடுப்புக்குள் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். வெயிலுமுத்துவுக்கு வேலம்மாள் இல்லாமல் ஒரு வேளைச் சோறு இறங்காது. கம்பளி ஒன்று வாங்கிக்கொண்டு அவளோடு மலைக்கு வந்துவிட்டான். ஊரில் அவனை வெயிலு என்று கூப்பிட்டார்கள். குளிரில் அவன் பல் கிட்டிப்போய் நிற்கும்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, ஊரின் கிழங்குக் காடெல்லாம் கருகிக் கிடந்தது. கூட்டம் கூடியது. நடுவில் வெயிலுமுத்துவை நிறுத்தினார்கள்.

ஊர்த்தலைவர் பெயர் பெரியகுழந்தை. வேலம்மாளுக்குப் பெரியப்பா முறை. எதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் யோசிப்பார். யோசித்து முடித்ததும் யாராவது எழுப்பிவிட வேண்டும்.

“மாப்ளே, உங்க ஊர்ல என்ன செய்யிறாக?”

“தீப்பெட்டி, மாமா.”

“அப்புறம்?”

“பட்டாசு.”

பெரியகுழந்தை கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “உன் பேரு?”

“தெரியாதா மாமா? வெயிலுமுத்து.”

“பேருக்குள்ளேயே சூட்டை வச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்திருக்கான்,” என்றார் அவர், மிகவும் வருத்தத்தோடு.

நாலு வருஷமாகக் கருகுகிறது, தான் வந்து எட்டு மாசம்தான் ஆகிறது என்று வெயிலுமுத்து எடுத்துச் சொன்னான். நல்ல வாதம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வருவதற்கு முன்னால் செய்ததையும் சேர்த்துத்தான் விசாரிக்கிறோம் என்று பெரியகுழந்தை விளக்கினார். அதோடு எல்லார் காடும் கருகியிருக்க, நாகம்மா வீட்டுச் சுவரை ஒட்டிய பாத்திகள் மட்டும் பச்சையாக இருப்பது ஏன் என்றும் கேட்டார்.

வெயிலுமுத்துவுக்கு அது தெரியும். “வீட்டுச் சுவர்ல இருக்கிற சூடு மாமா, அதுதான்...” என்று ஆரம்பித்தான்.

“சூடுன்னு அவனே ஒத்துக்கிட்டான்,” என்றார் தையல்காரர் சவரியப்பன். அதைத் தன் அளவு நோட்டில் குறித்தும் கொண்டார்.

வெயில் வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை எழுந்து காட்டுப் பக்கம் போவதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்ததாகப் பூசாரி மலையாண்டி சாட்சி சொன்னார். சொம்போடு போனேன் என்றான் வெயிலுமுத்து. தீயை அணைக்கவும் கையில் தண்ணீர் வைத்திருந்திருக்கிறான், எவ்வளவு திட்டம் போட்டிருக்கிறான் பாருங்கள் என்று கூட்டம் அசந்துபோனது.

அப்போதுதான் அவன் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். யாரும் கொளுத்தவில்லை, குளிர்தான் கருக்குகிறது. குளிர் முற்றினால் இலைக்குள் இருக்கும் தண்ணீர் கல்லாகிவிடும், அதில் இலை செத்துப்போகும் என்றான். கூட்டம் அரை நிமிஷம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தது. பிறகு சிரித்தது. நாகம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் மருமகன் பேச்சுக்கு மற்றவர்கள் சிரிப்பது அவளுக்குக் கௌரவக் குறைவு.

“மாப்பிள்ளை தங்கமான ஆளு,” என்றாள். “கொளுத்துறதைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது.”

வெயிலுமுத்து சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். விவசாயிகளுக்கு அச்சடித்துக் கொடுத்த துண்டுக் காகிதம். கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்ததில் அவனுக்குக் கிடைத்தது. எண்ணெய் படாமல் தப்பியது ஒரே வரி. ‘கடும் பனிக்காலத்தில் நீர் உறைவதால் பயிர் கருகும்.’ அதை மூன்று தடவை படித்துக் காட்டினான்.

அச்சில் இருப்பதை மறுக்க முடியாது. பெரியகுழந்தை கண்ணை மூடினார். எழுப்பினார்கள். தீர்ப்புச் சொன்னார். வாரத்துக்கு ஒரு பஸ், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே போய்ச் சாயங்காலம் திரும்பி வரும். அதற்குள் தண்ணீர் உறைந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் மாப்பிள்ளை அந்த பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போக வேண்டும், திரும்பக் கூடாது. சோதனையை ஊரே நடத்தும். குற்றம் சாட்டப்பட்டவன் கையில் தண்ணீரைக் கொடுத்தால் கல்லை எடுத்து உள்ளே போட்டுவிடுவான். ஆகவே வெள்ளிக்கிழமை வரைக்கும் மாப்பிள்ளை தண்ணீரைத் தொடக் கூடாது.

“குடிக்கிறதுக்கு?” என்று கேட்டாள் வேலம்மாள்.

“நீ ஊத்து. அவன் தொடாமக் குடிக்கட்டும்.”

அன்று ராத்திரி அவள் சொம்பை உயரத் தூக்கி அவன் வாயில் தண்ணீர் ஊற்றினாள். பாதி அவன் கழுத்துக்குள் போனது. கழுத்து தண்ணீரைத் தொட்டது குற்றமாகுமா என்று இருவரும் ரொம்ப நேரம் கவலைப்பட்டார்கள். அப்புறம் அவள், “நீங்க போயிட்டா நான் என்னங்க செய்வேன்?” என்று கேட்டாள். சிவகாசிக்கு வா என்று அவனால் சொல்ல முடியவில்லை. சொன்னால் மூன்றாம் முறையும் விழுவாள்.

செவ்வாய்க்கிழமை சோதனை தொடங்கியது. தண்ணீர் உறைய வேண்டும். உறைவது என்றால் என்ன என்று முக்காட்டுப்பட்டியில் தெரியாதவர்கள் இல்லை. பால் உறைகிறது. எப்படி உறைகிறது? உறை ஊற்றினால் உறைகிறது. இதில் நாகம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் வீட்டு உறைமோர்தான் ஊர் முழுக்கத் தயிராகிறது.

ஒரு பானைத் தண்ணீரை அவள் அடுப்பில் வைத்து, விரல் பொறுக்கும் சூட்டில் இறக்கினாள். உறை ஊற்றுவதற்கு அதுதான் பக்குவம். குளிரில் வைக்க வேண்டும் அத்தை, சூடு ஆகாது என்று வெயிலுமுத்து கெஞ்சினான்.

“மாப்ளே, நான் எத்தனை வருஷமா உறை ஊத்துறேன்? குளிர்ல வச்சா உறையாது. நீங்க தீப்பெட்டி விஷயத்தைப் பாருங்க.”

ஒரு கரண்டி மோர் ஊற்றி, மூடி, அடுப்போரம் வைத்தாள். மறுநாள் வெயில் வந்ததும் ஊர் சுற்றி நின்று திறந்து பார்த்தது. உறையவில்லை. கரண்டி போதவில்லை என்று ஒருவர் சொன்னார். இன்னொரு கரண்டி ஊற்றினார்கள். பிறகு ஒரு செம்பு ஊற்றினார்கள். கடைசியில் ஒரு குடம் மோரையும் கவிழ்த்தார்கள். பெரியகுழந்தை விரலை விட்டு நக்கிப் பார்த்தார். முன்னைக்கு இப்போது முன்னேற்றம் தெரிகிறது என்றார். உப்புப் போட்டால் இன்னும் தெரியும் என்று நாகம்மா சொன்னாள். உப்பும் பெருங்காயமும் போட்டு, ஆளுக்கு ஒரு தம்ளராகச் சோதனையைக் குடித்து முடித்தார்கள்.

அதே புதன்கிழமை சவரியப்பன் எழுந்து பேசினார். ஊர் ஒரு சின்ன விஷயத்தில் தடுக்கி விழுந்துவிட்டது என்றார். உறை என்பது மோர் இல்லை. தலையணைக்கு இருக்கிறதே, அது உறை. அதைத் தைக்கிறவனைக் கேட்காமல் மோர்க்காரியைக் கேட்டால் காரியம் எப்படி நடக்கும்?

“அப்போ தண்ணி உறையணும்னா?” என்றார் பெரியகுழந்தை.

“உறை போட்டுக்கணும். குளிர்காலத்துல நாம கம்பளி போட்டுக்கலையா? அதுவும் போட்டுக்கும். நாமதான் தைச்சுக் குடுக்கணும்.”

இவ்வளவு தெளிவாக யாரும் அந்த ஊரில் பேசியது இல்லை. உடனே அளவு எடுக்கச் சொன்னார்கள். சவரியப்பன் நாடாவை எடுத்துக்கொண்டு தொட்டியருகே போனார். தண்ணீரின் நீளம் எடுத்தார், அகலம் எடுத்தார். கழுத்து எது என்று தெரியாமல் தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். அளவு எடுக்கும்போது ஆடாமல் இருக்கச் சொல்லித் தண்ணீரிடம் இரண்டு முறை கண்டிப்பாகச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் நல்ல கட்டம் போட்ட துணியில் உறை தயாரானது. ஓரத்தில் பொத்தான்கூட வைத்திருந்தார். நான்கு பேர் உறையை விரித்துப் பிடிக்க, ஒருவர் குடத்தைச் சாய்த்தார். குடம் காலியானது. உறைக்குள் பார்த்தார்கள், உறையும் காலியாக இருந்தது. அத்தனை பேர் காலும் நனைந்திருந்தது.

“உறை பெருசா இருக்கு. அதான் நழுவிருச்சு,” என்றார் பெரியகுழந்தை.

“அளவு சரியா இருந்துச்சு. எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்கு,” என்றார் சவரியப்பன். தன் தொழில்மேல் ஒரு சொல் விழுவதை அவர் பொறுக்க மாட்டார். சாயங்காலம் வரை பிடித்துத் தைத்தும் பார்த்தார். பிறகு அந்த உறையைத் தலைவரின் தலையணைக்கே போட்டுவிட்டார்கள். கனகச்சிதமாகப் பொருந்தியது.

வெயிலுமுத்து சுவரோரமாக உட்கார்ந்து விரல்விட்டு நாளை எண்ணினான். எண்ணுவதற்கு இரண்டே விரல் இருந்தது. தட்டில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி வெட்டவெளியில் வையுங்கள், அது போதும் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். எல்லோரும் அன்பாகக் கேட்டுக்கொண்டார்கள். குற்றவாளி சொல்வதைச் செய்தால் சோதனை செல்லாது என்று ஒவ்வொருவரும் அவனுக்கே எடுத்துச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பூசாரி மலையாண்டியின் முறை. தயிரும் தலையணையும் படிக்காதவர்கள் பேச்சு என்று தொடங்கினார். கோயில் வாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ‘இறைவன் உறையும் இடம், செருப்பைக் கழற்றவும்.’ இறைவன் என்ன தயிராகவா இருக்கிறார்? உள்ளே பொத்தான் போட்டுக்கொண்டா படுத்திருக்கிறார்? உறைவது என்றால் குடியிருப்பது. தண்ணீர் உறைய வேண்டும் என்றால் அதற்கு ஒரு வீடு வேண்டும். வீடு இல்லாதது எங்கே போய் உறையும்?

கூட்டத்தில் சிலருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் தண்ணீரைத் தொட்டியிலும் குடத்திலும் அலைய விட்டிருக்கிறோமே என்று வருந்தினார்கள். சாயங்காலத்துக்குள் மண்சுவர் எழுப்பி, கனமாகப் புல்கூரை வேய்ந்து, கதவு வைத்து, உள்ளே ஒரு பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீரைக் குடிவைத்தார்கள். புது வீட்டில் தனியாகப் பயப்படக் கூடாது என்று பெரிய விளக்கு ஒன்றை ஏற்றினார்கள். விளக்கு அணையாமல் இருக்க நெய் நிறைய ஊற்றினார்கள். பால் காய்ச்சினார்கள். கதவைப் பூட்டிச் சாவியைத் தலைவர் இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த ராத்திரி ஊரிலேயே கதகதப்பாக இருந்த வீடு அதுதான்.

வெயிலுமுத்து கடைசியாக ஒருமுறை அந்த வீட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தான். துணிப்பை கட்டி வைத்திருந்தது. வேலம்மாள் ரசம் ஊற்றினாள். சாப்பிட்டு முடித்தவன் எழுந்து கை கழுவப் போகவில்லை. தானாகத் தண்ணீரைத் தொடக் கூடாது, ஊற்றிய தண்ணீர் வந்து தொட்டால் குற்றமில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்ததால் அவளே சொம்பைச் சாய்த்து ஊற்ற, உட்கார்ந்த இடத்தில் தட்டிலேயே கையை நீட்டிக் கழுவிக்கொண்டான். ஊற்றும்போது அவள் கண்ணைத் துடைத்ததால் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

நாகம்மா பார்த்துவிட்டாள். தட்டில் கை கழுவுவது அவள் வீட்டில் நடக்காத காரியம்.

“இது என்ன பழக்கம்? நாளைக்கு ஊருக்குப் போற ஆளுன்னு விட்டுடுவேனா? அந்தத் தட்டு என் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது.”

வேலம்மாள் தட்டை அப்படியே கொண்டுபோய் முற்றத்தின் நடுவில் வைத்தாள். மேலே மரம் இல்லை, கூரை இல்லை, மேகம் இல்லை. காற்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை வெயில் வர இரண்டு மணி நேரம் இருக்கும்போது வெயிலுமுத்து சொம்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்தான். கால் தட்டில் இடித்தது. எச்சில் தண்ணீர் சிந்தவில்லை. குனிந்து பார்த்தான். தட்டு நிறைய வட்டமாக ஒரு கண்ணாடி. அதற்குள் ஒரு கறிவேப்பிலையும் மூன்று சோற்றுப் பருக்கையும் மாட்டிக்கொண்டிருந்தன.

அவன் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டான். தண்ணீரைத் தொடக் கூடாதே. பிறகு யோசித்தான். இது தண்ணீர் என்று அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் தொட்டது குற்றம். ஒத்துக்கொண்டால் வழக்கே முடிந்தது. மூன்று நாளில் அந்த ஊரில் யோசிக்கப்பட்ட முதல் யோசனை அது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பெரியகுழந்தை வீட்டுக் கதவைத் தட்டினான். வெயில் வரட்டும் என்று உள்ளிருந்து பதில் வந்தது. பூசாரி வீட்டிலும் அதே பதில். சவரியப்பன் தட்டும் சத்தத்துக்குத் தாளமாகக் குறட்டை விட்டார். கிழக்கே மலைவிளிம்பு வெளுத்துக்கொண்டிருந்தது. வெயில் வந்தால் இவர்கள் வருவார்கள். வெயில் வந்தால் கல் போய்விடும். தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு உருண்டது. அவனுக்கு அழுகை வந்தது. திரும்பவும் தலைவர் கதவை இடித்தான்.

“யாருப்பா அது?”

“நான்தான் மாமா. வெயிலு.”

“யாரு?”

“வெயிலு வந்திருக்கேன், மாமா.”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, “அடியே, வெயிலு வந்திருச்சாம், எந்திரி,” என்று கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. அவர் தெருவில் நின்று குரல் கொடுத்தார், வெயிலு வந்திருச்சு, வெயிலு வந்திருச்சு என்று. கதவு கதவாகத் திறந்தது. முப்பாட்டனார் காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக முக்காட்டுப்பட்டி விடியற்காலையில் வெளியே வந்து நின்றது.

புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. எவனோ ஊர் முழுக்க உப்பைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று சவரியப்பன் சொன்னார். வெயில் வந்துவிட்டது, ஆனால் வெளிச்சத்தை இன்னும் கொண்டுவரவில்லை என்றார் பூசாரி.

வெயிலுமுத்து தட்டை நீட்டினான். இது கண்ணாடி, இவன் பையில் கொண்டுவந்திருப்பான் என்று முதலில் சொன்னார்கள். நாகம்மா முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். அந்தக் கறிவேப்பிலை தன்னுடையது என்றாள். காம்பைக் கிள்ளாமல் ரசத்தில் போட்டது நினைவிருக்கிறது. ராத்திரி இந்தத் தட்டில் இருந்தது தண்ணீர்தான், மாப்பிள்ளை கை கழுவிய தண்ணீர். அந்தக் கேவலத்தை இந்தக் கண்ணால் பார்த்தேன் என்று ஊர் அறியச் சாட்சி சொன்னாள்.

பெரியகுழந்தை உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். கண்ணை மூடினார். இந்த முறை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. கையை உதறிக்கொண்டு துள்ளினார்.

“சுடுது.”

ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். சுரீர் என்று சுட்டது. வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாலு வருஷமாக ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டைக் கொளுத்தியவன் இந்தக் கல்தான். கடைசியில் கையும் தட்டுமாகப் பிடிபட்டிருக்கிறான். மாப்பிள்ளையை விடுதலை செய்தார்கள். பூசாரி அவன் நெற்றியில் திருநீறு பூசினார். வேலம்மாள் துணிப்பையைப் பிரித்து அவன் சட்டையைக் கொடியில் போட்டாள்.

ஆனால் தீர்ப்பு என்று ஒன்று இருக்கிறது. குற்றவாளி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற வேண்டும் என்று சொன்னது சொன்னதுதான். பனிக்கட்டியை நாடு கடத்த ஏற்பாடு நடந்தது. காவலுக்குச் சவரியப்பனும் மலையாண்டியும். குற்றவாளி சில்லென்று இருப்பதைப் பார்த்து நாகம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கொளுத்துகிறவனாக இருந்தாலும் குளிரில் விறைக்கக் கூடாது என்று தடித்த கம்பளி ஒன்றில் சுற்றிக் கொடுத்தாள். கண்டக்டர் அது என்ன என்று கேட்டார். கைதி என்றார்கள். ஒதுங்கி நின்றுகொண்டார்.

மத்தியானம் வத்தலக்குண்டில் இறங்கிக் கம்பளியைப் பிரித்தபோது கைதி வடை அளவுக்கு இளைத்திருந்தான். வெயிலில், தார் ரோட்டில் விட்டார்கள். இரண்டு பேரும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் நெளிந்து, ஒழுகி, சாக்கடைக்குள் ஓடிவிட்டான். கறிவேப்பிலையை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினார்கள்.

“தப்பிச்சுட்டான்,” என்றார் சவரியப்பன். “பார்த்த பார்வையே சரியில்லை. ராத்திரிக்குள்ள மேலே வந்துடுவான்.”

ஊரில் மிச்சமிருந்த பச்சை நாகம்மா வீட்டுப் பாத்திகள்தான். வருகிறவன் அதைத்தான் கொளுத்துவான். நெருப்பு வந்தால் என்ன செய்வது? தண்ணீர் ஊற்றுவது. இதற்கு விவாதமே தேவைப்படவில்லை, வெயிலு கூடவே இருந்ததால் ராத்திரியில் வெளியே வரவும் தடை இல்லை. ஓடையிலிருந்து பாத்திவரை வரிசையாக நின்று, பூவாளியும் குடமும் கைமாறக் கைமாற, பின்சாமத்திலேயே செடிகள்மேல் ஊற்ற ஆரம்பித்தார்கள். நான் நிறுத்தச் சொல்கிறவரை நிறுத்தக் கூடாது என்று பெரியகுழந்தை உத்தரவு போட்டார். போட்டுவிட்டு, நிலைமையை யோசிப்பதற்காகக் கண்ணை மூடினார்.

வெயிலுமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. குளிரே போதும், அதில் தண்ணீரையும் ஊற்றுகிறார்களே, செடியெல்லாம் கல்லாகிவிடுமே, மீண்டும் பழி தன் தலையில்தானே விழும்? ஊற்றாதீர்கள், ஊற்றாதீர்கள் என்று ஒவ்வொரு குடத்தின் பின்னாலும் ஓடினான். அவன் பயந்தபடியே நடந்தது. இலைகள்மேல் கண்ணாடி படிந்தது. தண்டில் படிந்தது. படியப் படிய அவர்கள் மேலும் ஊற்றினார்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் வரப்பில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். சவரியப்பன் மட்டும் நடுவில் வெற்றிலை போடப் போனார்.

இந்த முறை உண்மையான வெயில் வந்தது. கண்ணாடி உருகி வழிந்தது. உள்ளே இலைகள் பச்சையாக இருந்தன. சவரியப்பன் பொறுப்பில் இருந்த நான்கு பாத்தி மட்டும் கருகிப்போயிருந்தது.

நெருப்பை அணைத்துவிட்டோம் என்று ஊர் ஆரவாரம் செய்தது. நெருப்பைப் பற்றித் தெரிந்தவன், சிவகாசிக்காரன் என்பதால், வெயிலுமுத்துவையே தீயணைப்புத் தலைவராக்கினார்கள். அவன் வாயைத் திறந்தான். வேலம்மாளைப் பார்த்தான். மூடிக்கொண்டு ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டான்.

இதைக் கேட்ட அன்று பஸ்ஸில் நான் சிரித்துவிட்டேன். பனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினார்கள் என்பது மட்டும் ரொம்பவும் அதிகம் என்று தோன்றியது. எழுதும் முன் சரிபார்க்கலாம் என்று வேளாண்மைப் புத்தகம் ஒன்றைத் தேடிப் படித்தேன். உண்மைதான். தண்ணீர் உறையும்போது தன்னிடமிருக்கும் வெப்பத்தை வெளியே விடுகிறது. இடைவிடாமல் தெளித்துக்கொண்டே இருந்தால் அந்த வெப்பம் இலையைக் காப்பாற்றும். நடுவில் நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். இதற்கென்றே சில நாடுகளில் தோட்டங்களில் குழாய் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அடுத்த மாசம் அதே பஸ்ஸில் அதே முக்காட்டுக்காரரைப் பார்த்தேன். தண்ணீர் உறையும்போது சூடு வெளியே வருகிறதாம், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று சொன்னேன்.

அவர் பூண்டு மூட்டையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அதைத்தானே எங்க பெரியப்பா அன்னிக்கே தொட்டுப் பார்த்துச் சொன்னாரு, சுடுதுன்னு.”